வீட்டுல ஒருத்தரப் பாத்துக்கறவங்களுக்கும் முடிவெடுக்குற எடத்துல ஒரு நாற்காலி வேணும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க மாவட்டத்துல பெற்றோர், கூடப்பொறந்தவங்க எல்லாம் சேந்து அப்பப்போ கூடுவோம், அங்க திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளத்தான் இங்க ஒண்ணா சேத்து வச்சிருக்கேன். நான் தம்பியப் பாத்துக்கற அக்கா, வக்கீல் இல்ல. எழுதியிருக்கறது பெரும்பாலும் தமிழ்நாட்டு நெலவரம், வேற மாநிலத்துல இருந்து படிக்கறவங்களுக்கு மத்திய சட்டங்களப் பத்தி சொல்றது மட்டும் அப்படியே பொருந்தும்.

நான் அம்மாதானே, என்னப் போய் "பராமரிப்பாளர்"னு எல்லாம் சொல்லிக்கணுமா?

வீட்டுல யாரும் சொல்லிக்க வேணாம். ஆனா கவர்மெண்ட் ஆபீஸ்ல சொல்லிக்கோங்க, ஏன்னா சட்டத்துல அதுக்கு ஒரு எடம் இருக்கு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆரம்பத்துலயே பராமரிப்பாளர்னா யாருன்னு சொல்லிடுது, பெத்தவங்க, குடும்பத்துல உள்ள மத்தவங்க, காசு வாங்கிட்டு செஞ்சாலும் சரி காசு வாங்காம செஞ்சாலும் சரி, கவனிப்பும் உதவியும் குடுக்கற யாரா இருந்தாலும் அதுல அடக்கம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது, கூட குடியிருந்து பொறுப்பா பாத்துக்கணும், சம்பளம் இருந்தாலும் இல்லாட்டியும் பரவால்ல. அதனால மாமியாரத் தூக்கி உக்கார வைக்கிற மருமக, அண்ணனுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கற தங்கச்சி, பொண்டாட்டிக்கு மறதி நோய் வந்து சமையல் கத்துக்கிட்ட எழுபது வயசு தாத்தா, எல்லாரும் இதுக்குள்ள வந்துடுவாங்க.

திங்கக்கெழமையானா கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டுதான இருக்கோம், இதுக்கு மேல என்ன பண்ணணும்?

மனு குடுக்கறத நிறுத்தச் சொல்லல, அவசரத்துக்கு அதுதான் வழி. ஆனா மனுவால கெடைக்கறது என்னன்னு பாருங்க, உங்க பையனுக்கு ஒரு வீல்சேர், உங்க அம்மாவுக்கு உதவித்தொகை ஆர்டர், அவ்ளோதான். பிசியோ டாக்டர் எந்த கெழம எந்த ஊருக்கு வரணும், சான்றிதழ் கேம்ப் எந்த கட்டடத்துல போடணும், டே கேர் எத்தன மணி வரைக்கும் தொறந்து இருக்கணும், இதெல்லாம் நம்ம மனு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ஒரு ரூம்ல நாலு பேர் உக்காந்து முடிவு பண்ணிட்டாங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தர் கூட ராத்திரி ரெண்டு மணிக்கு படுக்கை விரிப்பு மாத்தினவங்க இல்ல.

உதாரணம் சொல்றேன். ஸ்பெஷல் ஸ்கூலோ டே கேரோ மதியம் மூணு மணிக்கு மூடறது ரொம்ப சாதாரணம், ஸ்டாஃப் வீட்டுக்குப் போகணும் வேன் டிரைவர் போகணும், நியாயம்தான். ஆனா மூணு மணிக்கு புள்ள வீட்டுக்கு வந்துட்டா எந்த அம்மாவாலயும் ஒரு வேலைக்குப் போக முடியாது, ஜவுளிக் கடையில கூட எட்டு மணி வரைக்கும் நிக்கணும்ல. இத யாரும் வேணும்னே பண்ணல, கேக்க ஆள் இல்லாததால நடந்தது. தனித்தனியா நூறு மனு போனாலும் அந்த மூணு மணி மாறாது, முடிவு பண்ற எடத்துல நம்ம ஆள் ஒருத்தர் உக்காந்தாதான் மாறும்.

சரி, சட்டப்படி எங்கெங்க எடம் இருக்கு?

நெறைய பேருக்கு இது தெரியவே தெரியாது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம், இந்த நாலுக்கும் 1999ல நேஷனல் ட்ரஸ்ட் சட்டம் வந்துச்சு. டெல்லில இருக்கற அதோட போர்டுல ஒம்போது பேர் அமைப்புகள் சார்பா வரணும், அதுல மூணு பேர் பெற்றோர் சங்கங்கள்ல இருந்து வரணும்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. சென்னைல வித்யாசாகர்ங்கற மாற்றுத்திறனாளிகள் மையத்த ஆரம்பிச்ச பூனம் நடராஜன் பின்னாடி இந்த நேஷனல் ட்ரஸ்டுக்கே தலைவரா இருந்தவங்க, அவங்களும் மாற்றுத்திறனாளி மகனோட அம்மாதான். அதனால அந்த எடத்துக்கு எல்லாம் நம்ம எங்க போறதுன்னு சொல்லாதீங்க.

மாவட்ட அளவுல அதே சட்டப்படி எல்எல்சின்னு சொல்ற லோக்கல் லெவல் கமிட்டி இருக்கு. கலெக்டர் அந்தஸ்துல உள்ள அதிகாரி, ட்ரஸ்ட்ல பதிவு பண்ணின ஒரு அமைப்போட பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி, மூணு பேர். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும். அந்த பதிவு பண்ணின அமைப்பு பெற்றோர் சங்கமாவும் இருக்கலாம், பெரும்பாலும் ஏதோ ஒரு என்ஜிஓவா இருக்கு, நம்ம சங்கம் பதிவு பண்ணாம இருக்கறதுதான் காரணம்.

மனநலப் பக்கம் வந்தா இன்னும் தெளிவாவே இருக்கு. மாநில மனநல ஆணையத்துல மனநோய் இருந்தவங்க அல்லது இருக்கறவங்க சார்பா ரெண்டு பேர், பாத்துக்கறவங்க சார்பா ரெண்டு பேர் இருக்கணும். ஆஸ்பத்திரி, ஹோம் எல்லாத்துக்கும் தரம் என்னன்னு வகுக்கறது, பதிவு குடுக்கறது எல்லாம் இந்த ஆணையம்தான். அப்புறம் மனநல மறுஆய்வு வாரியம்னு ஒண்ணு, ஒருத்தர வலுக்கட்டாயமா அட்மிட் பண்ணி வச்சிருக்காங்கன்னு புகார் வந்தா விசாரிக்கற எடம், அதுலயும் ரெண்டு உறுப்பினர் பாதிக்கப்பட்டவங்களோ பாத்துக்கறவங்களோ அவங்க அமைப்புகள்ல இருந்தோ வரணும்.

2016 சட்டத்தோட 72வது பிரிவுப்படி மாவட்டத்துக்கு ஒரு மாற்றுத்திறனாளிகள் குழு இருக்கணும். மேல மாநில ஆலோசனை வாரியம் இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும்.

பள்ளிக்கூடத்துல பள்ளி மேலாண்மைக் குழு, முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும். 2012ல கல்வி உரிமைச் சட்டத்த திருத்தினப்போ மாற்றுத்திறனாளி குழந்தைங்களையும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுல சேத்துட்டாங்க, அதனால அவங்க பெற்றோருக்கும் அதுல உரிய பங்கு உண்டு. ஊருல இருந்து ஆரம்பிக்கணும்னா இதுதான் ரொம்ப சுலபமான எடம், நடந்து போற தூரம்.

கிராமத்துல இன்னொண்ணு, கிராம சுகாதார தூய்மை ஊட்டச்சத்துக் குழு. வருஷத்துக்கு 10,000 ரூபாய் வரும், சின்ன காசுதான். ஆனா அந்தக் குழுவுல நம்ம ஒருத்தர் இருந்தா படுக்கைல இருக்கறவங்க லிஸ்ட்டு சரியா இருக்கும். லிஸ்ட்டுல பேர் இல்லன்னா எந்த வண்டியும் வீட்டு வாசலுக்கு வராது.

எல்எல்சி கார்டியன்ஷிப் சர்டிபிகேட் மட்டும்தான குடுக்கும், அதுல போய் சேவை பத்தி என்ன பேச?

பதினெட்டு தாண்டினவங்களுக்கு சட்டப்படி பாதுகாவலர் யாருன்னு நியமிக்கறது, அதோட முக்கிய வேலை அதுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த மீட்டிங்குக்கு கலெக்டர் நேரா வர்றார் அல்லது அவர் சார்பா ஒருத்தர் வர்றார், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரும் பக்கத்துல இருப்பார், பதினெட்டு வயசு முடிஞ்ச புள்ளைங்களோட பெத்தவங்க எல்லாரும் வெளிய வரிசைல உக்காந்திருப்பாங்க. நம்ம மாவட்டத்துல பதினெட்டுக்கு மேல போனவங்களுக்கு பகல் நேரத்துல போக எடமே இல்லன்னு சொல்றதுக்கு அத விட நல்ல நேரம் எது? அந்த அமைப்புப் பிரதிநிதி யாருன்னு கண்டுபிடிச்சு, கூட்டத்துக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு தடவ பேசுங்க கூட்டம் முடிஞ்சதும் என்ன முடிவாச்சுன்னு சொல்லுங்கன்னு கேளுங்க. அவர் நம்ம எல்லாருக்காகவும்தான் அங்க உக்காந்திருக்கார், பல பேர் அதையே மறந்துடறாங்க.

கிராம சபைல போய் பேசினா சிரிப்பாங்களே?

சில பேர் சிரிப்பாங்க. ரோடு, தண்ணி, நூறு நாள் வேலைன்னு போயிட்டு இருக்கற எடத்துல எங்க அப்பாவுக்கு பிசியோ வேணும்னா ஒரு மாதிரிதான் பாப்பாங்க. அதனாலதான் தனியா போகக் கூடாது, அப்பாவுக்குன்னும் கேக்கக் கூடாது. இந்த பஞ்சாயத்துல படுத்த படுக்கையா இத்தன பேர் இருக்காங்க, இத்தன பேருக்கு யுடிஐடின்னு சொல்ற மாற்றுத்திறனாளி அடையாள கார்டு இல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து வாரம் ஒரு தடவ வரணும்னு தீர்மானமா போடுங்கன்னு கேளுங்க. தீர்மான நோட்டுல ஏறிட்டா அது வெறும் பேச்சு இல்ல, ரெக்கார்டு. அடுத்த சபைல என்ன ஆச்சுன்னு கேக்க உரிமை வந்துடுது.

தமிழ்நாட்டுல இப்ப வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போகும்போது 2016 சட்டத்துல 37வது பிரிவையும் மனசுல வச்சுக்கோங்க, வறுமை ஒழிப்பு, வளர்ச்சித் திட்டங்கள்ல 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கணும்னு இருக்கு. எங்க ஊருல அந்த அஞ்சு சதவீதம் எங்க போச்சுன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாலே ரூம்ல சத்தம் கொறையும்.

2025ல கவுன்சிலரா மாற்றுத்திறனாளிகள நியமிக்கற சட்டம் வந்துச்சே, அது நமக்கும்தானா?

ஏப்ரல் 2025ல சட்டசபைல நிறைவேத்தினாங்க. தேர்தல்ல நிக்காமலே மாற்றுத்திறனாளிகள உள்ளாட்சிகள்ல நியமன உறுப்பினரா போடலாம். மாநகராட்சி நகராட்சி பேரூராட்சின்னு நகர்ப்புறத்துல 650 பேர், கிராம ஊராட்சிகள்ல 12,913 பேர், ஒன்றியத்துல 388, மாவட்ட ஊராட்சில 37ன்னு கணக்கு சொன்னாங்க. பெரிய விஷயம், இந்தியாவுல எல்லா எடத்துலயும் வரணும்.

ஆனா அந்த எடம் மாற்றுத்திறனாளிக்கு, நமக்கு இல்ல, அப்படித்தான் இருக்கணும். அறிவுசார் குறைபாடு உள்ளவங்க, பேச முடியாதவங்க, இவங்க நெலம மட்டும் எனக்கு கொஞ்சம் கவலையா இருக்கு, நடைமுறைல நல்லா பேசக்கூடியவங்கதான் அந்த நாற்காலிக்கு வருவாங்க, பேச முடியாதவங்களோட வாழ்க்கைய யார் அங்க கொண்டு வர்றது? இப்போதைக்கு ஒரு வழிதான், உங்க வார்டுல யார் வந்தாலும் அவங்களப் போய்ப் பாருங்க, உங்க வீட்டுக்கு ஒரு நாள் கூப்புடுங்க, ஒரு பகல் முழுக்க எப்படிப் போகுதுன்னு கண்ணால பாக்கட்டும்.

நாம பேச ஆரம்பிச்சா நாம பாத்துக்கறவங்களோட குரல் அமுங்கிடாதா?

அமுங்கும், அடிக்கடி அமுங்குது. இந்தக் கேள்விய ஒரு கூட்டத்துல கால் நடக்க முடியாத ஒரு பையன்தான் கேட்டான், அம்மாங்க எல்லாரும் முகம் சுளிச்சாங்க, ஆனா அவன் கேட்டது சரி.

நமக்கு வேண்டியதும் அவங்களுக்கு வேண்டியதும் எப்பவும் ஒண்ணு இல்ல. எனக்கப்புறம் இவன யார் பாத்துப்பாங்கங்கற பயத்துல பெத்தவங்க ஹோம் வேணும் ஹோம் வேணும்னு கேப்போம், அந்தப் பையனக் கேட்டா எனக்கு வேலை வேணும், பஸ்ல தனியா போகணும்னு சொல்லுவான். மனநோய் விஷயத்துல இது இன்னும் முள்ளு மாதிரி, வீட்டுல இருக்கறவங்க ஆஸ்பத்திரில கொஞ்ச நாள் சேத்தா தேவலன்னு நெனப்பாங்க, போறவங்களுக்கு அது ஜெயில். அதனாலதான் 2017 சட்டம் யார் தன் சார்பா பேசணும்னு நோயாளியே முன்கூட்டி எழுதி வைக்கலாம்னு சொல்லுது, அது அம்மாவா இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

நாங்க ஒரு வழக்கம் வச்சிருக்கோம். கமிட்டில பேசும்போது என் தேவை எது அவன் தேவை எதுன்னு பிரிச்சு சொல்லிடறது. வாரத்துல ஒரு நாள் எனக்கு லீவு வேணும், இது என் தேவை, இதக் கேக்க எனக்கு முழு உரிமை இருக்கு. அவன் எங்க தங்கணும்ங்கறது அவன் விஷயம், அத அவன் வாயால, சைகையால, படத்தக் காட்டி, எப்படியாவது அவனையே சொல்ல வைக்கணும், முடியலன்னா நான் யூகிச்சு சொல்றேன்னு சொல்லிட்டு சொல்லணும்.

கூட்டத்துக்கு வரச் சொல்றீங்க, நான் வந்தா வீட்டுல யார் பாத்துப்பாங்க?

இதுக்கு பதில் இல்லாம மத்த எல்லா பதிலும் வீண். காலைல பதினொரு மணிக்கு கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங்னு முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணுவாங்க, பன்னெண்டரைக்குதான் ஆரம்பிக்கும். அதுக்குள்ள வீட்டுல டயபர் மாத்தணும், சாப்பாடு ஊட்டணும், ஃபிட்ஸ் மாத்திரை நேரம் தவறக் கூடாது. கடைசில கூட்டத்துக்கு யார் வருவாங்க, வீட்டுல வேலைக்கு ஆள் வச்சிருக்கறவங்கதான் வருவாங்க, அவங்க சொல்றதுதான் எல்லாப் பெற்றோரோட கருத்துன்னு பதிவாகும்.

அதனால கமிட்டில சேரச் சொன்னா ஒடனே சரின்னு சொல்லாதீங்க, நிபந்தனை போடுங்க. ஒரு வாரம் முன்னாடி தேதி சொல்லணும். போக்குவரத்து செலவு குடுக்கணும். அந்த நேரத்துக்கு வீட்டுல பாத்துக்க ஆள் வைக்கற காசு குடுக்கணும், இல்ல பக்கத்து ரூம்ல பாத்துக்க ஆள் போட்டு கூட்டிட்டு வர விடணும். போன்ல வீடியோ கால்ல கலந்துக்கவும் வழி வேணும். ஒரு சீட்டுக்கு ரெண்டு பேரோட பேரக் குடுங்க, ஒருத்தருக்கு முடியலன்னா இன்னொருத்தர். இதெல்லாம் சலுகை இல்ல, அதிகாரிங்க கவர்மெண்ட் வண்டில சம்பளத்தோட வர்றாங்க, நாம அந்த நாள் கூலிய விட்டுட்டு வர்றோம்.

எங்க சங்கத்துல பேசறது எல்லாம் அப்பாக்கள்தான், பரவால்லையா?

பரவால்ல இல்ல. மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு சர்வேல 15ல இருந்து 59 வயசுக்குள்ள உள்ள பொம்பளைங்கள்ல 41 சதவீதம் பேர் வீட்டுல யாரையாவது பாத்துக்கறாங்க, ஒரு நாளைக்கு 140 நிமிஷம். ஆம்பளைங்கள்ல 21.4 சதவீதம், 74 நிமிஷம். இதுல குழந்தை வளக்கறதும் சேந்துதான் இருக்கு, அதக் கழிச்சாலும் கதை பெருசா மாறும்னு எனக்குத் தோணல. வேலை செய்யறது அம்மா, மைக் புடிக்கறது அப்பா, டீ குடுக்கறதும் அம்மா. சங்கத்துல இருந்து கமிட்டிக்குப் பேர் அனுப்பும்போது பாதிக்கு மேல பொம்பளைங்க பேரா அனுப்புங்க. அப்பாக்கள் அன்னிக்கு வீட்டுல இருக்கட்டும், நல்ல பயிற்சி.

கமிட்டில உக்காந்தாச்சு, என்ன கேக்கறது?

உடனே நடக்கக் கூடியது ஒண்ணு, காசு வேணும்ங்கறது ஒண்ணு, வருஷக்கணக்குல ஆகறது ஒண்ணு, மூணும் கையில இருக்கட்டும்.

உடனே நடக்கறதுன்னா கேம்ப் விஷயம். படுத்த படுக்கையா இருக்கறவர சான்றிதழுக்காக ஜிஎச் மாடிக்கு ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போக வைக்கறத நிறுத்த ஒரு சர்க்குலர் போதும், டாக்டர் கீழ எறங்கி வரலாம், வண்டிக்கே வந்து பாக்கலாம். உதவித்தொகை வாங்கறவங்க உயிரோட இருக்காங்கன்னு காட்டறதுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பச் சொல்லலாம். மனநல மாத்திரை பக்கத்து ஊர் சுகாதார நிலையத்துலயே கெடைக்கணும், ஒரு மாசத்துக்கு ஒண்ணா குடுக்கணும்.

காசு வேணும்ங்கறதுல முதல்ல டே கேர் நேரம், அப்புறம் நாலு நாள் ஒரு வாரம் தங்க வச்சு பாத்துக்கற எடம். கல்யாணம், சாவு, நமக்கே ஒரு ஆபரேஷன்னு வரும்போது புள்ளைய எங்க விடறது? நேஷனல் ட்ரஸ்ட்ல சமர்த்னு இதுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு, பகல் நேரத்துக்கு திஷா, விகாஸ்னு இருக்கு, பதிவு பண்ணின அமைப்புங்க எடுத்து நடத்தணும். நம்ம மாவட்டத்துல யார் நடத்தறாங்க, இல்லன்னா ஏன் இல்லன்னு கேளுங்க. அதே ட்ரஸ்டோட நிராமயாங்கற மருத்துவ இன்சூரன்ஸ் ஒரு லட்சம் வரைக்கும் வரும், அதுல எத்தன பேர சேத்திருக்காங்கன்னும் கேளுங்க.

நாள் ஆகறது, பஸ் ஸ்டாண்டுல பெரியவங்களுக்கு டயபர் மாத்த ஒரு எடம். இத நான் எல்லாக் கூட்டத்துலயும் சொல்றேன், எல்லாரும் தலையாட்டறாங்க, இன்னும் பெஞ்சு மேல துணி மறைச்சுதான் மாத்திட்டு இருக்கோம்.

உதவித்தொகைய ஏத்தச் சொல்லி கேக்கறதுதான முக்கியம்?

முக்கியம்தான், ஆனா அது மாவட்ட கமிட்டில முடிவாகற விஷயம் இல்ல, அங்க அத மட்டுமே பேசினா நேரம் போயிடும். தமிழ்நாட்டுல கடும் பாதிப்பு உள்ளவங்களுக்கு பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000 ரூபாய், 2023 ஜனவரில 1,500ல இருந்து ஏத்தினது. ஆந்திராவுல 2024ல இருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000, முழுசா முடங்கினவங்களுக்கு 15,000. அத வச்சுத்தான் தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் மறியல் எல்லாம் பண்றாங்க. அந்த மாதிரி மாநில அளவுல இருக்கற அமைப்புல சேந்து அத அங்க கேளுங்க. உயர் ஆதரவு தேவைப்படறவங்களுக்கு பராமரிப்பாளர் படின்னு தனியா ஒண்ணு 2016 சட்டம் 24வது பிரிவுலயே இருக்கு, அதையும் சேத்துக் கேக்கணும்.

பக்கத்துல கேரளாவுல எப்படி?

நமக்கு ரொம்ப தூரம் முன்னாடி போயிட்டாங்க, பொறாமையாதான் இருக்கு. 1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல வலி நிவாரண சிகிச்சைக்குன்னு ஒரு சொசைட்டி ஆரம்பிச்சுது, அதுல இருந்து மலப்புரம் பக்கம் ஊர்க்காரங்களே சேந்து நடத்தற வலையமைப்பா வளந்துச்சு. தன்னார்வலர்னா டாக்டர் இல்ல, ஆட்டோ ஓட்டறவர், மளிகைக் கடைக்காரர், காலேஜ் பசங்க, முன்னாடி வீட்டுல ஒருத்தரப் பாத்துக்கிட்டு இழந்தவங்க. காசு கொஞ்சம் கொஞ்சமா ஊர்லயே வசூல் பண்ணினாங்க, அதனால யார் வீட்டுக்கு வண்டி போகணும், நர்ஸ் போதுமா, அரிசி இல்லாத வீட்டுக்கு மருந்த மட்டும் குடுத்து என்ன பண்றதுன்னு எல்லாம் ஊரே பேசி முடிவு பண்ணுச்சு. 2008ல மாநில அரசு இதுக்குன்னு கொள்கையே கொண்டு வந்துச்சு, அப்புறம் பஞ்சாயத்துங்க நர்ஸ் போட்டு வீட்டுக்கே அனுப்பற வேலைய கையில எடுத்துச்சு.

அங்க இது நடந்ததுக்கு முக்கியமான காரணம், 1996 மக்கள் திட்டத்துல இருந்து உள்ளாட்சிகள் கையில உண்மையான காசு இருக்கு. கிராம சபைல பேசினா பேசினதுக்கு ஏத்த மாதிரி பட்ஜெட்ல ஒரு வரி வரும். மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தனி கிராம சபை, வயசானவங்களுக்குன்னு தனி கிராம சபை நடத்தறாங்க, அதுக்கு பாத்துக்கறவங்களும் போய் பேசுவாங்க. பாத்துக்கறவங்களுக்கு ஆஸ்வாசகிரணம்னு மாசம் 600 ரூபாய் திட்டமும் உண்டு, தொகை ரொம்ப கம்மிதான், ஆனா காசு நோயாளி பேருல இல்லாம பாத்துக்கறவங்க பேருல வருதுங்கறது எனக்கு பெருசாப் படுது.

நம்ம ஊருல தனி கிராம சபை கேக்கறது நடக்கக் கூடிய கோரிக்கைதான், வருஷத்துக்கு ஒண்ணு போதும்.

மக்களைத் தேடி மருத்துவம் இருக்கே, அதுல நாம பேச எடம் உண்டா?

2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச திட்டம், சுகர் பிரஷர் மாத்திரை, பிசியோ, படுக்கைல இருக்கறவங்களுக்கு வலி நிவாரண கவனிப்பு எல்லாம் வீட்டுக்கே வரும். நல்ல திட்டம், எங்க தெருவுலயே பயன்படுத்தறாங்க. கமிட்டின்னு பாத்துக்கறவங்களுக்கு அதுக்குள்ள எடம் இல்ல, ஆனா மாவட்ட சுகாதாரப் பேரவைன்னு கூட்டம் நடத்தறாங்க, அதுக்கு பொதுமக்கள் போகலாம், அங்க பேசலாம். வீட்டுக்கு வர்ற அக்காகிட்டயும் சொல்லி வைங்க, பாதி விஷயம் அவங்க மூலமாதான் மேல போகுது.

விழுதுகள் சென்டர்?

மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தமிழ்நாடு அரசு நடத்தற உரிமைகள் திட்டத்துல உலக வங்கி உதவியோட 1,763 கோடி ரூபாய்ல வர்றது, தெரபி, சான்றிதழ் உதவி எல்லாம் ஒரே எடத்துல குடுக்கறதுக்கு. முன்களப் பணியாளர்ங்க வீடு வீடா வந்து கணக்கெடுத்தாங்கல்ல, அதுவும் இதுதான். இப்பதான் வளந்துட்டு இருக்கற திட்டம், அதனால இப்பவே போய்ப் பேசுங்க, டைம்டேபிள் கெட்டியானப்புறம் மாத்தறது கஷ்டம்.

எங்க அம்மாவுக்கு மறதி நோய், மாற்றுத்திறனாளி லிஸ்ட்டுலயே வராது, நான் எங்க போக?

2016 சட்டத்துல 21 வகை சொல்லியிருக்காங்க, பார்க்கின்சன் இருக்கு, டிமென்ஷியான்னு தனியா பேர் இல்ல. ஆனா 2017 மனநலச் சட்டத்துல மனநோய்ங்கற விளக்கத்துக்குள்ள ஞாபக சக்தி கடுமையா பாதிக்கறதும் வருது, அதனால மனநல ஆணையத்துல பாத்துக்கறவங்க சீட் உங்களுக்கும் சேத்துதான். 1992ல கேரளாவுல ஆரம்பிச்ச அல்சைமர் சங்கத்துக்கு சென்னைலயும் கிளை இருக்கு. பொதுவா டிமென்ஷியா குடும்பங்கள் எங்க கூட்டத்துக்கு வர்றதே இல்ல, வயசானா அப்படித்தான்னு வீட்டுக்குள்ளயே வச்சுக்கறாங்க. வாங்க, நம்ம பிரச்சனைல முக்கால்வாசி ஒண்ணுதான்.

கூப்பிட்டாங்க, போனேன், கையெழுத்து வாங்கி போட்டோ எடுத்து பிஸ்கட் குடுத்து அனுப்பிட்டாங்க. இப்ப?

ரொம்ப பேருக்கு நடக்கறது. போட்டோ பேப்பர்ல வரும், "பெற்றோருடன் கலந்தாலோசனை"ன்னு போடுவாங்க.

அடுத்த தடவ கூப்பிடும்போது கூட்டத்துல என்னென்ன விஷயம் பேசப் போறாங்கன்னு முன்கூட்டியே எழுத்துல கேளுங்க. கூட்டத்துல நீங்க சொன்னத மினிட்ஸ்ல ஏத்தச் சொல்லுங்க, ஏத்தினத படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க, வெத்துப் பேப்பர்ல போடாதீங்க. மினிட்ஸ் காப்பி தர மாட்டேன்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டி மனு போடுங்க, 30 நாள்ல பதில் வரணும். கடைசியா எப்ப கமிட்டி கூடுச்சு, உறுப்பினர்ங்க யாரு, போன வருஷம் எத்தன தடவ கூடுச்சு, இந்த மூணு கேள்விய மட்டும் கேளுங்க. கமிட்டியே கூடலன்னு பதில் வந்தா அதுவும் நமக்கு ஆயுதம்தான், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். 48வது பிரிவுப்படி திட்டங்கள அரசு சமூகத் தணிக்கை பண்ணணும்னு இருக்கு, அத எப்ப பண்ணீங்கன்னும் கேட்டு வைங்க.

கேள்வி கேட்டா உதவித்தொகைய நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு.

புரியுது. உதவித்தொகை வாங்கறவங்க எதுத்துப் பேசறது எவ்ளோ கஷ்டம்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரியாது. கேள்வி கேட்டதுக்காக நிறுத்த எந்த விதியும் இல்ல. இருந்தாலும் பயத்த மதிக்கணும், அதனால தகவல் உரிமை மனுவ உதவித்தொகை வாங்காத யாராவது போடட்டும், கடிதம் சங்கத்து பேருல போகட்டும், கேம்ப்ல சண்ட போடாம கமிட்டில பேசலாம். அந்த ஆபீஸ்ல வேலை செய்யற ஆட்களும் மூணு பேர் வேலைய ஒருத்தரா செஞ்சிட்டு இருக்காங்க, ஆள் போடுங்கன்னு அவங்களுக்காகவும் சேத்துக் கேட்டா நம்ம பக்கம் வந்துடுவாங்க, எங்க அனுபவத்துல அது நடந்திருக்கு.

எங்க ஊருல சங்கமே இல்ல, பதிவு பண்ணியே ஆகணுமா?

பேசிக்க, கிராம சபைக்குப் போக, பள்ளிக் குழுவுல சேர பதிவு எதுவும் வேணாம். எல்எல்சி, நேஷனல் ட்ரஸ்ட் பக்கம் போகணும்னா வேணும். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேந்தா பதிவு பண்ணலாம், அப்புறம் நேஷனல் ட்ரஸ்ட்ல தனியா பதிவு பண்ணணும். 1989ல சென்னைல மனச்சிதைவு நோய் உள்ளவங்க குடும்பங்கள் சேந்து ஆஷான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அவங்களும் டாக்டர் ரூமுக்கு வெளிய காத்திருந்த குடும்பங்கதான்.

ஏழு பேர எங்க தேடறதுன்னா, தெரபி சென்டர் வெயிட்டிங் ஹால், ஸ்பெஷல் ஸ்கூல் கேட், மாத்திரை குடுக்கற வரிசை. பொறுப்பாளர் பேர் போடும்போது மட்டும் கவனமா இருங்க, சதா வீட்டுல கட்டிப் போட்ட மாதிரி இருக்கற ஆளையே தலைவர், செயலாளர், பொருளாளர் மூணுக்கும் போட்டா அடுத்த வருஷ கணக்கு தாக்கல் பண்ண ஆள் இருக்காது. பொருளாளருக்கு புள்ளைங்க கொஞ்சம் வளந்த ஒரு சித்தப்பாவோ ரிட்டயர் ஆன மாமாவோ பாருங்க, பேங்க் ஜாயின்ட் அக்கவுண்ட்ல ரெண்டு கையெழுத்து போதும்னு வச்சுக்கோங்க, மூணு வச்சீங்கன்னா செக் எழுதற அன்னிக்கு ஒருத்தர் நிச்சயம் ஆஸ்பத்திரில இருப்பாங்க.